அக்கா சிரிக்கக் கூடாத நாள்

ஃபிஜியில், சுவா நகரத்துச் சமபுலாவில் எங்கள் தெருவில் வளர்ந்து, இப்போது ஆக்லாந்திலும் பிரிஸ்பேனிலும் வான்கூவரிலும் முழங்கால் வலியோடு நடமாடும் என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த ஆண்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நீங்கள் எல்லோரும் ராணுவம், ஊரடங்கு, பாராளுமன்றம் என்று போய்விடுகிறீர்கள். எனக்கு அந்த ஆண்டு என்றால் என் அக்காவின் மேல் இருந்த பொறாமைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டேதான் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது, அக்காவுக்குப் பதினைந்து. அப்பா டவுனில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அம்மா வீட்டிலேயே துணி தைத்துக்கொடுப்பாள். அம்மாவும் அப்பாவும் தங்களுக்குள் பேசியது, கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்த பழைய தமிழ். நாங்கள் இருவரும் பாதி ஹிந்தியில் பதில் சொல்வோம். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

அக்கா தூங்குவாள். எல்லோரும்தான் தூங்குகிறார்கள் என்பீர்கள். அக்கா ரோட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் தூங்குவாள். வகுப்பில் எழுதிக்கொண்டே தூங்கி, பேனா தாளின் கீழே கோணலாக இறங்கிப் போகும். ஒருமுறை மாரியம்மன் கோயிலில் தட்டை ஏந்தி நின்றபடியே தூங்கி, தேங்காய் உருண்டு பூசாரியின் காலில் விழுந்தது. பதின்மூன்று வயதில் தொடங்கியது இது. பள்ளிக்கூடத்தில் கவனமில்லாதவள் என்று எழுதி அனுப்பினார்கள். அம்மா சோம்பேறி என்றாள். வேறு எதற்கும் கை ஓங்காத அப்பா இதற்கு மட்டும் அடித்தார். பின்மண்டையில், உள்ளங்கையால்.

அவள் தூங்கிய நேரத்து வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. தட்டு கழுவுவது நான், துணி காயப்போடுவது நான். சுவாவின் மழை தெரியுமே, ஒரு நாளைக்கு நாலு முறை ஓடிப்போய்த் துணியை எடுப்பதும் நான். ஈரத்துணியைக் கையில் அள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது அவள் பாயில் வாய் திறந்து கிடப்பாள். அடி வாங்கினாலும் அவள் கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அக்கா வாய்விட்டுச் சிரித்தால் விழுந்துவிடுவாள்.

எங்கள் பக்கத்து வீட்டு மாமி கோழி வளர்த்தாள். முட்டை திருட கீரி வரும். மாமி சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடியும் வசவுகளோடு அதைத் துரத்துவாள். அதை நான் அப்படியே செய்து காட்டுவேன். முதல்முறை காட்டியபோது, துணி துவைக்கும் கல்லருகே அக்கா சிரிக்கத் தொடங்கி, முகம் தொங்கி, கழுத்து சாய்ந்து, முழங்கால் மடிந்து, அப்படியே தரையில் சரிந்தாள். கண் திறந்தே இருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். ஒன்றிரண்டு நிமிடத்தில் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"தூங்கிட்டியா?"

"இல்ல. நீ அழுதது எல்லாம் கேட்டுச்சு. கையி காலு மட்டும் வரல. யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா எல்லாரும் என்னச் சிரிக்க வெச்சுப் பாப்பாங்க."

நான் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தோன்றியபோதெல்லாம் மாமியாகி அவளை விழவைத்தேன். என்னைவிட நாலு வயது பெரியவளை ஒரு சொல்லில் சாய்க்க முடிவது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

பிறகு கவிழ்ப்பு நடந்தது. இந்தியர்கள் அதிகமாக இருந்த அரசாங்கத்தை ராணுவம் இறக்கியதும் நம் ஆட்கள் நாட்டைவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். பள்ளியை மூடினார்கள், திறந்தார்கள். திறந்தபோது வகுப்பில் டீச்சர் பெயர் கூப்பிட, பதில் வராத பெயர்களுக்கு யாராவது "சிட்னி" என்பார்கள், "ஆக்லாந்து" என்பார்கள். டீச்சர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். தெருவில் வீட்டு வாசல்களில் சோபாவும் தையல் மிஷினும் மீன் வறுக்கும் சட்டியும் விற்பனைக்கு வந்தன. மாமியின் கோழிகளை யாரோ கூண்டோடு வாங்கிப் போனார்கள்.

பள்ளி திறந்த அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, அக்கா தேநீர்க் கோப்பைக்குள்ளேயே மூக்கு படும்படி தூங்கிவிட்டாள். அப்பா பின்மண்டையில் அடித்தார். அவள் அழுது, முகம் கழுவி, சட்டை மாற்றுவதற்குள் நாங்கள் வழக்கமாகப் போகும் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறினோம்.

சன்னல் ஓரத்துக்கு எங்களுக்குள் தினமும் சண்டை நடக்கும். அன்று அவள் அழுதிருந்ததால் விட்டுக்கொடுத்தேன். நம் பஸ்களுக்குக் கண்ணாடி ஏது, மழை வந்தால் அவிழ்த்துவிடும் தார்ப்பாய் மட்டும்தான். அக்கா கம்பியில் தலை சாய்த்து உடனே தூங்கிவிட்டாள். அவள் கை என் மடியில் கிடந்தது.

மூடியிருந்த ஒரு கடையின் முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் கல்லோடு கையை ஓங்கினான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டேன். அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. நனைந்த துணியைக் கல்லில் ஓங்கி அடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது.

அக்கா கத்தவில்லை. தூங்கிய முகம் தூங்கியபடியே என் பக்கம் சாய்ந்தது. அவள் பின்னலுக்குள்ளிருந்து ரத்தம் என் பள்ளிச் சீருடையில் இறங்கியது. பின்சீட்டில் சந்தைக்கு டாலோக் கிழங்கு கொண்டுபோய்க்கொண்டிருந்த ஒரு ஃபிஜிய அம்மாள் எழுந்து வந்து, அக்காவின் தலையைத் தன் மடியில் வாங்கி, தோளில் கிடந்த துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் எங்கும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கே ஓட்டினார். வழி முழுக்க அந்த அம்மாள் தன் மொழியில் அக்காவிடம் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டே வந்தாள். என்னிடம் எதுவும் பேசவில்லை. ரத்தம் வந்தது அக்காவுக்குத்தானே.

மண்டையோட்டில் மெல்லிய விரிசல் என்றார்கள். இரண்டு நாள் அக்காவுக்கு நினைவு சரியாக இல்லை. ஒன்பது நாள் கழித்து, ஒரு பக்கம் மழித்த தலையோடு வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பொறாமை வந்தது.

முன்னறையில் காற்று வரும் இடத்தில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள். அப்பாவின் மேசை விசிறி அவள் பக்கம் திரும்பியது. ஊதா நிற மெல்லிய காகிதத்தில் சுற்றிய நியூசிலாந்து ஆப்பிள் ஒவ்வொன்றாக வந்தது. அப்பா அதைத் தோல் சீவி, வில்லை வில்லையாக அறுத்து அவள் வாயில் ஊட்டினார். அடித்த அதே கையால் ஊட்டுகிறாரே என்று நான் நினைக்கவில்லை. எனக்கு ஏன் தோல் மட்டும் கிடைக்கிறது என்றுதான் நினைத்தேன். அந்தக் காலையில் தான் அடிக்காமல் இருந்திருந்தால் பிள்ளைகள் முந்தைய பஸ்ஸில் போயிருப்பார்கள் என்ற கணக்கை அப்பா யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு என் பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

அம்மா ஒரே ஒருமுறை என்னிடம் கேட்டாள். "நீ எங்க இருந்த?"

"பக்கத்துல."

"நல்ல வேள, ஒனக்கு ஒண்ணும் ஆவல." அதோடு என் விஷயம் முடிந்துவிட்டது.

அக்காவின் தூக்கம் அதிகமானது. ஆனால் இப்போது அவளுக்குத் தூக்கத்தைக் கண்டாலே பயம். கண்ணை மூடியிருந்தபோது உலகம் வந்து தன்னை அடித்துவிட்டுப் போனதே, மறுபடி மூடினால் என்ன ஆகுமோ என்று பயந்தாள். தொடையைக் கிள்ளிக் கிள்ளி விழித்திருப்பாள். பகல் இரண்டு மணிக்கு, வெயில் அடிக்கும்போது, கண் சொருகும் அந்த நேரத்தில் சன்னல் வழியாக ஆட்கள் ஏறி வருவதைப் பார்ப்பாள். கண் திறந்திருக்கும், கத்த வாய் வராது, அசைய முடியாது. பிறகு உடம்பு வியர்த்து எழுந்து அழுவாள். முகத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள், கையில் கத்தி இருந்தது என்பாள். அம்மா தையலை விட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொள்வாள். அப்பா அலுவலகத்திலிருந்து வந்ததும் அதே கதையை மறுபடி கேட்பார். பூசாரி வந்து மந்திரித்துக் கயிறு கட்டினார்.

யாரும் முகத்தில் துணி கட்டியிருக்கவில்லை. கத்தியும் இல்லை. கை ஓங்கியவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். பார்த்தவள் நான். பயந்தவள் என்று பெயர் வாங்கியவள் அவள். பார்க்காத ஒன்றை அவள் சொல்ல வீடே உட்கார்ந்து கேட்டது. பார்த்ததை என்னிடம் கேட்க ஓர் ஆள் இல்லை. சமையலறையில் தட்டைத் தேய்த்துக்கொண்டே, அந்தக் கல் என் மேல் பட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. கல்லடிக்கு முன்னால் அக்கா தூங்கியதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களிடம் அம்மா சொல்வாள், "எப்படி சுறுசுறுப்பா இருந்த புள்ள. கல்லு பட்டு மூள கலங்கிப் போச்சு." சோம்பேறி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் பேசியதே இல்லை என்பது போல ஆகிவிட்டது. அவள் செய்யாமல் போன இரண்டு வருடத்து வேலையை நான்தானே செய்தேன், அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

ஆக்லாந்தில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், நாங்கள் அங்கே குடியேறப் பேப்பர் அனுப்பினார். நாலு பேருக்கும் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். அதில் தேறினால் போகலாம். அப்பா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "தலையில சின்னக் காயம், ஆறிப் போச்சு. அவ்வளவுதான் சொல்லணும். பொய் இல்ல அது."

ஆக்லாந்தில் குளிரும் என்று அக்காவுக்கு ஒரு நீல ஸ்வெட்டர் வாங்கினார். வெள்ளைப் பொத்தான்கள் வைத்தது. எனக்கு அக்காவின் பழையது போதும் என்றாள் அம்மா. பரிசோதனைக்குப் போகும் டாக்ஸியில் அப்பா என் காதருகே குனிந்தார். "அக்கா தூங்கினா கிள்ளு. நம்ம எல்லாரோட பயணமும் ஒன் கையிலதான் இருக்கு, பாப்பா." பல மாதங்களுக்குப் பிறகு அப்பா என்னிடம் பேசிய முக்கியமான பேச்சு. அதுவும் அவளைப் பற்றியது.

டாக்டரின் முன்னறையில் வரிசையாக மரநாற்காலிகள் இருந்தன. அப்பாவும் அம்மாவும் முதலில் உள்ளே போனார்கள். நர்ஸ் எங்களைப் பார்த்து, "நீல நிறம் ஒனக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்று அக்காவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். நான் அக்காவைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அவள் நன்றியோடு சிரித்தாள், லேசாக, விழாத அளவுக்கு.

"அங்க போனதும் எனக்குத் தனி ரூம் தரேன்னு அப்பா சொல்லிருக்காரு" என்றாள். "பயமில்லாம இருக்கலாம்ல?"

"எனக்கு?"

"நீ அம்மா கூட."

நான் எழுந்து நின்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வேணா" என்றாள். "இன்னிக்கி வேணா, ப்ளீஸ்."

மாமி அதற்குள் சிட்னிக்குப் போயிருந்தாள். அவளுடைய சேலையை நான் முழங்கால் வரை தூக்கிப் பிடித்தேன். கீரி நாற்காலிகளுக்கு அடியில் ஓடியது. வசவு தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிந்தது. எவ்வளவோ நாளாகச் செய்யாததால் மிக நன்றாக வந்தது. அக்கா உதட்டைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அவள் முகம் தொங்கியது. நாற்காலியிலிருந்து முன்பக்கமாகச் சரிந்து, எதிர் நாற்காலியின் விளிம்பில் வாய் இடித்து விழுந்தாள். ஒரு வெள்ளைப் பொத்தான் தெறித்து ஓடியது. நீல ஸ்வெட்டரில் ரத்தம் சொட்டியது. திறந்த கண்களால் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். எல்லாம் கேட்கும் அவளுக்கு. எனக்குத் தெரியும்.

நர்ஸ் கூப்பிட்டதில் டாக்டர் வந்தார், அம்மா வந்தாள், அப்பா வந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். காதோரம் நரைத்த அந்த டாக்டர் அக்காவின் கண்ணையும் கையையும் பார்த்துவிட்டு, "எப்பத்திலிருந்து இப்படி?" என்று கேட்டார்.

"கல்லடி பட்டதுக்கு அப்புறம்" என்றாள் அம்மா. மறைக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த அறையில் பயப்படாமல் நின்றவள் நான் மட்டும்தான். "நீ ஏன் அழல?"

"எந்திரிச்சிடுவா. ரெண்டு நிமிஷம்தான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"முன்னாடியும் விழுவா. சிரிச்சா."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா. கல்லு படறதுக்கு ரொம்ப முன்னாடியே. தூக்கமும் அப்பவே இருந்துச்சு. அப்பாதான் அடிப்பாரு."

அப்பா வெளியே போனார். என் மேல் கோபம் என்று நினைத்தேன். கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது. சுவரில் நெற்றியை வைத்து நின்றார்.

டாக்டர் அக்காவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு எங்களுக்குச் சொன்னார். அதற்கு நார்கோலெப்சி என்று பெயர். மூளையில் தூக்கத்தையும் விழிப்பையும் பிரித்துவைக்கும் இடத்தில் உள்ள கோளாறு. சோம்பலும் இல்லை, பேயும் இல்லை. சிரித்தால் விழுவதும் அதில் சேர்ந்ததுதான். வெளிநாட்டில் படித்தபோது அவர் ஒரே ஒரு நோயாளியை அப்படிப் பார்த்திருக்கிறாராம். "கல்லு இத உண்டாக்கல. ஆனா மோசமாக்கியிருக்கு. தலையில பட்ட அடி ஒரு பக்கம், மனசுல பட்ட பயம் ஒரு பக்கம். ஏற்கெனவே சரியா மூடாத கதவு இப்ப சுத்தமா உடஞ்சு போச்சு. அதனாலதான் கனவு பகல்லயே உள்ள வருது." மாத்திரை எழுதினார். பகலில் நேரம் வைத்து இருபது நிமிடம் தூங்க விடுங்கள், அடிக்க வேண்டாம் என்றார். கடைசிச் சொற்களை அப்பாவைப் பார்க்காமல் சொன்னார்.

பரிசோதனைத் தாளில் கண்டதை எழுதத்தான் வேண்டியிருந்தது. சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. குடும்பமாக வர இப்போது அனுமதி இல்லை.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. நான் மாமி வேஷம் போட்டதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. தானாக விழுந்ததாகச் சொன்னாள். இரண்டு வருடம் கழித்து, இங்கே இருந்து என்ன படிக்கப்போகிறாள் என்று மாமா என்னை மட்டும் ஆக்லாந்துக்கு அழைத்துக்கொண்டார். எனக்குத் தனி அறை கிடைத்தது. அம்மாவும் அப்பாவும் அக்காவுக்குக் கிடைத்தார்கள்.

அங்கே போன பிறகும் என் பொறாமை போகவில்லை. அம்மா சொல்லச் சொல்ல அக்கா எழுதிய கடிதங்கள் வரும். நடுவில் எழுத்து கோணலாகி வரியை விட்டு இறங்கி ஓடும். அங்கே தூங்கியிருக்கிறாள் என்று தெரியும். அதற்குக் கீழே அப்பாவின் கையெழுத்தில், "இருபது நிமிஷம் ஆகட்டும், பிறகு தொடர்வாள்" என்று இருக்கும். அவள் தூங்கி எழும்வரை அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்த வரியைப் படித்துவிட்டு மாமாவின் வீட்டுக் குளியலறையில் அழுதிருக்கிறேன். அப்பா போனபோது அவர் கை அக்காவின் கையில் இருந்தது. நான் சுவா வந்து சேர இரண்டு நாள் ஆனது.

அம்மாவும் போன பிறகு அக்கா சுவாவை அடுத்த லாமியில் சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறாள். பன்னிரண்டரை மணிக்குப் பிள்ளைகளைப் பாயில் படுக்கவைத்துத் தானும் படுத்துக்கொள்வாள். அங்கே அது தவறாகத் தெரிவதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

போன ஆண்டு போயிருந்தேன். சனிக்கிழமை காலை, மழை விட்டிருந்தது. அவள் பிள்ளைகளின் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிட்டேன். டாக்டரின் முன்னறையில் வேண்டுமென்றேதான் செய்தேன் என்று.

"தெரியும். என் மொகத்தப் பாத்துக்கிட்டேதான பண்ண."

"கோவம் இல்லியா?"

"நாலஞ்சு வருஷம் இருந்துச்சு. அப்புறம் மாத்திர வேல செஞ்சுது, நீ இங்க இல்ல. யார் மேல கோவப்படறது." ஒரு போர்வையை மடித்து முடித்தாள். "எனக்கும் ஒன் மேல பொறாமதான். சொல்லவே இல்ல நான்."

"என் மேலயா?"

"கல்லடிக்கு அப்புறம் பகலெல்லாம் தூங்குவேன். ராத்திரி ஒரு பொட்டு தூக்கம் வராது. நீ அப்படியே மரக்கட்ட மாதிரி கெடப்ப. ஒன்னப் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். இவளுக்கு மட்டும் எப்படி சாமி இத குடுத்துச்சுன்னு வயிறு எரியும்."

அவள் மடித்து வைத்த போர்வையின் ஓரத்தை நான் சரிசெய்தேன். பிறகு சொன்னேன். "நான் தூங்கல அக்கா. கண்ண மூடிட்டு அசையாம கெடந்தேன். அசைஞ்சா அம்மா வந்து ஒன்னத்தான் பாப்பா, என்னப் பாக்க மாட்டான்னு."

அக்கா போர்வையைக் கீழே வைத்தாள். "தூங்காம என்ன பண்ண?"

"பஸ்ஸுல நடந்தத பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நீ பாத்தியா? கல்லு வந்தத?"

"பாத்தேன்."

"யாராச்சும் கேட்டாங்களா ஒன்ன?"

"இல்ல."

அவள் எழுந்து வந்து எனக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். "சொல்லு" என்றாள்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். மூடியிருந்த கடை, நின்றிருந்த ஆட்கள், அந்தப் பையனின் முகம். நான் குனிந்ததைச் சொன்னேன். இழுக்காததைச் சொன்னேன். தலை குனிந்து சொல்லிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது அக்கா சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

நான் நிறுத்திவிட்டேன். எழுந்து போகவில்லை. மடிக்காமல் கிடந்த போர்வைகளை ஒவ்வொன்றாக மடித்தேன். வெளியே ஒரு பஸ் நின்று கிளம்பிப் போனது. அவள் கண் திறக்க ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனது. என்னை அடையாளம் கண்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்து கேட்டாள்.

"அப்புறம்?"